மழை வந்தா நெட் போகுது, லைன்மேன் வந்தா சரியா இருக்கு – பைபர் இணைப்பில் கோளாறை எப்படிக் கண்டுபிடிக்க?

திருவட்டார்க்காரன்
வணக்கம். வீடு திருவட்டாருக்கு மேக்கால, மெயின் ரோட்டிலிருந்து உள்ள தள்ளி, சுத்தி ரப்பர் விளை. 100 எம்பிபிஎஸ் பைபர் பிளான். வீட்டிலிருந்துதான் வேலை. பெங்களூர் ஆபீஸ் மீட்டிங் எல்லாம் சாயங்காலம். ஐப்பசி மழை தொடங்கினதிலிருந்து மூணு மணிக்கு மேல நெட் விட்டு விட்டு வருது. வீடியோ உறைஞ்சு நிக்கும், ஒரு நிமிஷம் கழிச்சு தானா வந்திரும். பெட்டியில சிவப்பு லைட் எரியறதே இல்ல, பச்சை அப்படியே நிக்குது.

கம்பெனிக்குப் போன் போட்டா மறுநாள் காலையில, வெயில் சுள்ளுன்னு அடிக்கும்போது ஆள் வருவார். ஸ்பீட் டெஸ்ட் போடுவார், 96 காட்டும், கம்ப்ளெயின்டை மூடிட்டுப் போயிருவார். ரவுட்டரை மாத்துங்கன்னு ஒருத்தர் சொல்றார், ரீசெட் போடுங்கன்னு இன்னொருத்தர். ரவுட்டர் கீழ வராந்தாவில, நான் வேலை பாக்கிறது மாடி ரூம்ல. வேலையே போயிருமோன்னு பயமா இருக்கு. எங்கிருந்து தொடங்கணும்?

குளச்சல் கரை
இங்கயும் இதே கதைதான் அண்ணே. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாத்திப் பாருங்க, வேகம் நல்லா கிட்டும்.

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
தம்பி, இப்ப ரவுட்டரையும் மாத்தாதீங்க, ரீசெட்டும் போடாதீங்க. ரீசெட் போட்டா உள்ள இருக்கிற யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிரும், பொறவு கம்பெனி ஆள் வந்தாத்தான் லைன் கிட்டும். 5 கிகாஹெர்ட்ஸும் உங்களுக்கு ஒத்து வராது. காங்கிரீட் தட்டைத் தாண்டி மேல போறதுக்கு 2.4-தான் கொஞ்சமாவது பரவாயில்ல.

நான் இருபது வருஷத்துக்கு மேல லைன் வேலை பாக்கிற ஆளு, முதல்ல செம்புக் கம்பி, பொறவு பைபர். கண்ணை மூடிட்டு ஒரு சாமானை மாத்துற வீட்டிலதான் பைசா வீணாப் போகும். உங்க மாடியிலிருந்து பெங்களூர் வரைக்கும் போற வழியைத் துண்டு துண்டாப் பிரிக்கணும். லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒரு துண்டு. ரவுட்டரிலிருந்து கம்பெனியோட எக்ஸ்சேஞ்ச் வரை ஒண்ணு. அதுக்கு அந்தப் பக்கம் மிச்சம் எல்லாம். எந்தத் துண்டு அறுந்து போகுதுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த பேச்சு.

செய்ய வேண்டியது இதாக்கும். லேப்டாப்பைக் கீழ கொண்டு வந்து ஒரு லேன் கேபிள் போட்டு ரவுட்டரோட நேரடியா இணையுங்க. வைஃபையை அணைச்சிருங்க. கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை தட்டுற ஜன்னல்) மூணாத் திறந்து மூணுலயும் பிங் ஓட விடுங்க, ஒரு முகவரிக்குச் சின்னத் தகவல் அனுப்பிப் பதில் வர்ற நேரத்தைக் காட்டுற கட்டளை அது. ஒண்ணு ரவுட்டருக்கு, அதோட முகவரி பெட்டிக்கு அடியில ஸ்டிக்கர்ல இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. இரண்டாவது 8.8.8.8, அது வெளிய இருக்கிற கூகுளோட முகவரி. மூணாவது ஏதாவது ஒரு தளத்தோட பேரு. மழை வர்ற நேரம் மூணையும் ஓட விட்டுட்டுப் பாத்துக்கிட்டே இருங்க.

ரவுட்டர் பிங்கே அறுந்தா கோளாறு உங்க வீட்டுக்குள்ள. ரவுட்டர் சரியா வந்து 8.8.8.8 அறுந்தா லைன்ல, இல்லன்னா அதுக்கு அந்தப் பக்கம். ரெண்டும் சரியா வந்து, பேரு பிங்கை நிறுத்தித் திரும்பப் போடும்போது அது மட்டும் திறக்கல்லன்னா டிஎன்எஸ், அதாவது தளத்தோட பேரை எண் முகவரியா மாத்திக் குடுக்கிற சேவை. ரவுட்டர்ல டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8-ன்னு மாத்தினாத் தீர்ந்திரும். இதை முதல்ல செய்யுங்க.

வடசேரி டீச்சர்
அண்ணாச்சி, பிங்கை எப்படி ஓட விடுவது? நான்கு வரி வந்ததும் நின்றுவிடுகிறதே. கணினி இல்லாதவர்கள் என்ன செய்வது?

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
டீச்சர், விண்டோஸ்ல பிங் முகவரிக்குப் பின்னால ஒரு இடைவெளி விட்டு, ஒரு ஹைபனும் ஆங்கில t எழுத்தும் (-t) போடுங்க. நீங்க கன்ட்ரோல் சி அழுத்துற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். போன்லயும் பிங் ஆப் உண்டு, ஆனா போன் வைஃபைலதான் பேசும், அதனால முதல் துண்டு எப்பவும் கலந்துதான் தெரியும். ரவுட்டருக்குப் பக்கத்தில நின்னு பாத்தா ஓரளவுக்கு நம்பலாம்.

திருவட்டார்க்காரன்
அண்ணாச்சி, சொன்னபடியே செய்து பார்த்தேன். முதலில் மாடியில் வைஃபையிலேயே ஓட விட்டேன். ரவுட்டருக்கே சில நேரம் 300 மில்லி செகண்ட், இடையில் டைம் அவுட். மழை இல்லாதபோதும் அப்படித்தான்.

பிறகு கீழே கேபிளில். ரவுட்டர் பிங் ஒரு மில்லி செகண்டுக்குக் கீழே, ஒன்றுகூட விழவில்லை. மழை வலுத்ததும் 8.8.8.8 சுத்தமாக நின்றது. அரை நிமிஷத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை, அப்புறம் 20 மில்லி செகண்டில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. ரவுட்டரின் பதிவேட்டில் ஒவ்வொரு தடவையும் பிபிபிஓஇ (யூசர் நேம் போட்டுக் கம்பெனியோடு சேரும் இணைப்பு) துண்டிப்பு, மறு இணைப்பு என்று பதிவாகியிருக்கிறது.

பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் என்று ஒரு பகுதி இருந்தது. ஆர்எக்ஸ் பவர் மத்தியானம் மைனஸ் 24.8 டிபிஎம். மழை நேரம் ரிஃப்ரெஷ் பண்ணினால் மைனஸ் 26.9, ஒரு தடவை மைனஸ் 28.1. இது என்ன கணக்கு?

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
கொள்ளாம் தம்பி. உங்க கையில இருக்கிற அந்த 24.8-க்கும் 28.1-க்கும் நடுவுலதான் விஷயமே இருக்கு. உங்க வீட்டில ஒண்ணில்ல, ரெண்டு கோளாறு. மாடி வைஃபை வேற, மழை லைன் வேற. ரெண்டும் சேர்ந்து வந்ததாலதான் யாருக்கும் பிடிபடல்ல. வைஃபையைப் பொறவு பாப்போம். லைனை இப்ப சொல்லுகேன், கொஞ்சம் நீளமா வரும்.

பைபர்ல வர்றது வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வெளிச்சம் அனுப்புற ஓஎல்டிங்கிற சாதனத்திலிருந்து உங்க பெட்டிக்கு 1490 நானோமீட்டர், உங்க பெட்டியிலிருந்து திரும்பிப் போறது 1310. ஒரே நூல்ல ரெண்டும் போய் வரும். அந்த வெளிச்சம் உங்க பெட்டிக்கு எவ்வளவு வந்து சேருதுன்னு சொல்றதாக்கும் டிபிஎம். மைனஸுக்குப் பின்னால வர்ற எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். 3 கூடினா வெளிச்சம் பாதி. 10 கூடினாப் பத்தில ஒண்ணு.

சாதாரணமா வீட்டுக்குக் குடுக்கிற ஜிபான் (ஒரு பைபரைப் பல வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்கிற முறை) பெட்டிகளுக்கு மைனஸ் 27 வரைக்கும் வாசிக்கிற சக்தி உண்டு. அதுக்குக் கீழ போனா எழுத்து புரியாம அது லைனை விட்டிரும். மைனஸ் 8-ஐத் தாண்டி வெளிச்சம் கூடினாலும் ஆகாது, கண் கூசின மாதிரி. உங்களுக்கு மத்தியானம் 24.8, கரையில நிக்குது. மழை வந்து ரெண்டு மூணு குறைஞ்சா விழுந்திரும். சிவப்பு லைட் ஏன் எரியல்லன்னா, ஒரேயடியா வெளிச்சம் அத்துப் போய்க் கொஞ்சம் நின்னாத்தான் அது எரியும். கரையில ஆடிக்கிட்டு நின்னா பச்சை ஒரு ரெண்டு தடவை கண் சிமிட்டும், நீங்க பாக்கிறதுக்குள்ள திரும்பிரும்.

இப்ப 24.8 நியாயமான்னு கணக்குப் போடுவோம். ஓஎல்டி சுமார் பிளஸ் 3-ல அனுப்புதுன்னு வையுங்க. வழியில எட்டாப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒண்ணுக்குச் சுமார் 10.5 டெசிபல் (டிபி) போகும். ரெண்டு இடத்தில பிரிச்சிருந்தா 21. மூணு கிலோமீட்டர் நூலுக்கு ஒண்ணு. உருக்கி ஒட்டின ஜாயின்ட், கனெக்டர் எல்லாம் சேர்த்து ஒண்ணு ஒண்ணரை. ஆக மைனஸ் 20 அல்லது 21-ல வந்து நிக்கணும். உங்களுக்கு வந்து சேர்றது 24.8. நாலு டிபி எங்கயோ ஒழுகுது, கேட்டியளா. அந்த ஒழுகுற இடம்தான் மழையில இன்னும் பெருசாகுது.

போஸ்டிலிருந்து வீட்டுக்கு வர்ற டிராப் ஒயர் போற வழி பூரா நடந்து பாருங்க. எந்த மரத்தில உரசுது, எங்க மடங்கியிருக்கு, எங்க கட்டுக்கம்பி போட்டு இறுக்கியிருக்குன்னு. சன்னல் இடுக்குல நசுங்கியிருக்கான்னும் பாருங்க. சுவர்ப் பெட்டியில குத்தியிருக்கிற கனெக்டர் என்ன நிறம்னு சொல்லுங்க. ஒண்ணு மட்டும் கவனம். பைபர் முனையைக் கழற்றிக் கண்ணுக்கு நேராப் பிடிச்சுப் பாக்கவே கூடாது. வெளிச்சம் தெரியாது, ஆனா கண்ணுக்கு ஆகாது. பிள்ளைகளையும் கிட்ட விடாதீங்க.

மார்த்தாண்டம் பையன்
அண்ணாச்சி, ஒரு சந்தேகம். மைனஸ் 27 வரை ஓகேன்னுதானே கம்பெனி சொல்லுது? 24.8 லிமிட்டுக்குள்ளதானே வருது. பெட்டிதான் பழசா இருக்கும். என் கூட்டுக்காரன் வீட்டில பெட்டியை மாத்தினதும் சரியாயிட்டு.

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
மக்கா, பெட்டி கெட்டுப் போறதும் உண்டு, இல்லன்னு சொல்லல்ல. ஆனா கெட்ட பெட்டி மழையைப் பாத்துக் கெடாது. லிமிட்டுங்கிறது பரீட்சையில பாஸ் மார்க் மாதிரி, அதில வந்து நிக்கிறவன் ஒரு நாள் காய்ச்சல் வந்தா பெயிலாயிருவான். நம்ம ஊர்ல இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) அடிக்குது, ஐப்பசியும் அடிக்குது, வருஷத்தில பாதி நாள் ஒயர் நனைஞ்சுதான் கிடக்கு. மைனஸ் 22-க்கு மேல போனாலே நான் எறங்கித் தேடுவேன்.

இன்னொரு பரிசோதனை உண்டு, பைசா செலவில்லாதது. பக்கத்து வீடுகள்ல அதே கம்பெனி லைன் இருந்தா, உங்களுக்கு அறும்போது அவங்களுக்கும் அறுதான்னு கேளுங்க. எல்லாருக்கும் சேர்ந்து அறுந்தா பெரிய லைன்ல, அல்லது எக்ஸ்சேஞ்ச்ல கரண்ட் போய் பேட்டரி நிக்காம இருக்கலாம். உங்களுக்கு மட்டும்னா, டிபி பாக்ஸிலிருந்து (வீடுகளுக்கு டிராப் ஒயர் பிரியிற பெட்டி) உங்க வீடு வரைக்குமான துண்டுதான் குற்றவாளி.

திருவட்டார்க்காரன்
கேட்டேன். பக்கத்தில் ஒரு வீட்டில் அதே லைன், அவர்களுக்கு மழையிலும் ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் பெட்டியில் மைனஸ் 20.3 காட்டுகிறது.

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
அப்ப தீர்ந்து போச்சு. கணக்கு சொன்ன இடத்திலேயே பக்கத்து வீடு நிக்குது. ஒயரைப் போய்ப் பாருங்க.

ஆரல்வாய்மொழி காத்து
இடையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் மழை கம்மி, காற்றுதான் வில்லன். கணவாய்க் காற்று தொடங்கினால் ஒயர் ஊஞ்சல் ஆடும். கிளாம்ப் சரியாகப் போடாமல் ஒயரையே சுற்றிக் கட்டிவிட்டுப் போனதால், ஆடி ஆடி அந்த இடத்தில் நூல் மடங்கி எனக்கு இதே கோளாறு வந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது ரப்பர் மரமும் கரண்ட் போஸ்டும் சாய்ந்து கிடந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். நம்ம மாவட்டத்தில் பெரும்பாலும் தலைக்கு மேலேதான் ஒயர் போகிறது. அதனால் காற்றோ மழையோ வரும் நேரத்தில் எடுத்த அளவுதான் உண்மையான அளவு.

கருங்கல்காரன், மஸ்கட்
எனக்கு வேற ஒரு பிரச்னை. கருங்கல்ல வீட்டில கேமரா வச்சிருக்கேன், இங்கிருந்து பாக்க முடியல. ரவுட்டர்ல போர்ட் திறந்து வச்சும் வரல. அம்மா தனியா இருக்காங்க, அதான் கவலை.

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
ரவுட்டர்ல வான் ஐபி (கம்பெனி உங்க ரவுட்டருக்குக் குடுத்த முகவரி) என்னன்னு வீட்டில கேளுங்க. 100.64-லிருந்து 100.127-க்குள்ள தொடங்கினா, கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுத்திருக்கு. அப்ப நீங்க எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து கதவு கிடையாது. ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்குன்னு மாறாத பொது முகவரி) காசு கட்டி வாங்கலாம். இல்லன்னா கேமரா கம்பெனியோட ஆப் வழியாவே பாக்கலாம், அதில கேமராவே வெளிய வந்து கூப்பிடும், அதனால தடை இல்ல. அம்மாவைப் பாக்க அது போதும். பாஸ்வேர்டை மட்டும் மாத்தி வையுங்க, வாங்கும்போது வந்ததை விட்டிராதீங்க.

குளச்சல் கரை
என் கதையையும் கேளுங்க அண்ணாச்சி. 300 பிளான். கேபிள்ல போட்டும் 94-க்கு மேல ஏறல. ராத்திரி ஆனா பிங் 400, 500-ன்னு போகுது. ஆப்டிகல் மைனஸ் 19.

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
லைன் நல்லா இருக்கு, உங்க வீட்டுக்குள்ளதான் சங்கதி. 94-ன்னு முட்டி நின்னா அது 100 எம்பிபிஎஸ் போர்ட்டோட உச்சம். லேன் கேபிள்ல எட்டுக் கம்பி உண்டு, 1000-த்துக்கு எட்டும் வேணும். ஒண்ணு அத்துப் போனா பல நேரம் ரெண்டு பக்கமும் பேசி 100-க்கு இறங்கிரும், நெட் வேலை செய்யும், அதனால சந்தேகமே வராது. கடற்கரையில உப்புக் காத்து கனெக்டர் பின்னை அரிச்சிரும். பச்சையாப் படிஞ்சிருக்கான்னு பாருங்க. விலை குறைஞ்ச கேபிள்ல அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம் பூசி விப்பாங்க, முழுச் செம்புன்னு கேட்டு வாங்குங்க.

ராத்திரி பிங் ஏறுறது, அந்த நேரம் யாரோ மேல ஏத்துறாங்க. போன் போட்டோ பேக்கப், இல்லன்னா கேமரா ரெக்கார்டிங். அப்லோட் நிரம்பினா மத்த எல்லாம் வரிசையில நிக்கும். ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க, எதை நிறுத்தினாப் பிங் இறங்குதோ அதுதான். பேக்கப்பை விடியக்காலத்துக்கு மாத்தி வையுங்க.

திருவட்டார்க்காரன்
ஒயரைப் பார்த்துவிட்டேன், படங்களும் எடுத்தேன். போஸ்டிலிருந்து வரும் ஒயர் எங்கள் அயினி மரத்தின் கொம்பில் சாய்ந்து போகிறது. கொம்பு உரசிய இடத்தில் கறுப்புத் தோல் தேய்ந்து, ஓரத்தில் போகும் எஃகுக் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. மழையில் கொம்பு நனைந்து கனத்துக் கீழே இறங்கும்போது ஒயரையும் சேர்த்து அழுத்துகிறது. மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு நின்று கண்ணால் பார்த்தேன். நான் கொம்பைக் கம்பால் தூக்கிப் பிடிக்க, வீட்டுக்காரி உள்ளேயிருந்து எண்ணை வாசித்தாள். தூக்கினால் 25.1, விட்டால் 27.3.

சுவர்ப் பெட்டிக்குள் இன்னொன்று. ஒயர் முனையில் பச்சைக் கனெக்டர். அதை எதிரே நீலக் கனெக்டர் போட்ட பேட்ச் கார்டோடு (பெட்டிக்குப் போகும் சின்ன பைபர் ஒயர்) சேர்த்துக் குத்தியிருக்கிறார்கள்.

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
ஆஹா, அதுவும் உண்டா! பச்சை முனை 8 டிகிரி சரிச்சு வெட்டினது, நீலம் நேரா இருக்கும். ரெண்டையும் சேர்த்தா முகம் முகத்தோட ஒட்டாது, இடையில காத்து நிக்கும். வெயில்லயே உங்களுக்கு ஒழுகின நாலு டிபியில நல்ல பங்கு அங்கதான் போயிருக்கும். மழையில கூடுறது மரத்தில. ரெண்டும் சேர்ந்து உங்களை 27-க்கு அந்தப் பக்கம் தள்ளுது. மடங்கின இடத்தில 1310-ஐ விட 1490-தான் அதிகமா ஒழுகும், அதனாலதான் உங்க பெட்டி சரியா அனுப்பினாலும் வாங்க முடியாமத் தவிக்குது.

கம்பெனிக்கு இப்ப போன் போட்டு, “நெட் ஸ்லோ”ன்னு சொல்லாதீங்க. “மத்தியானம் மைனஸ் 24.8, மழையில மைனஸ் 28.1, பக்கத்து வீட்டில மைனஸ் 20.3, டிராப் ஒயர் மரத்தில தேய்ஞ்சிருக்கு, பச்சையும் நீலமும் சேர்த்துப் போட்டிருக்கு”ன்னு நேரத்தோட எழுதி, படத்தோட அனுப்புங்க. சாயங்காலம் ஆளை அனுப்பச் சொல்லிக் கேளுங்க. நான் லைன்மேனா இருந்த ஆளு, சொல்லுகேன்: ஒரு நாளைக்கு ஏகப்பட்ட வீட்டுக்கு ஓடுற பையன் அவன். எண்ணைக் கையில குடுத்தா நேரா அந்த இடத்துக்குப் போவான். அவன் மேல சத்தம் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல.

வடசேரி டீச்சர்
அப்படியும் கம்பெனி அசையவில்லை என்றால்?

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்க டீச்சர், அது இல்லாம அடுத்த படி கிடையாது. டிராயோட (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2012 விதிப்படி ஒவ்வொரு கம்பெனியிலயும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கணும், அவருக்கு அந்த எண்ணைப் போட்டு எழுதலாம். வேகம் குறைவுன்னு மட்டும் எழுதினா நிக்காது. 2023 ஜனவரியிலிருந்து பிராட்பேண்டுக்குக் குறைந்தபட்ச வேகம் வெறும் 2 எம்பிபிஎஸ்தான். அறுந்து அறுந்து போகுது, இந்த இந்த நேரம், இந்த இந்த அளவுன்னு எழுதுங்க.

திருவட்டார்க்காரன்
நல்ல செய்தி. படத்தையும் எண்ணையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் நாலரைக்கு, தூறலிலேயே ஆள் வந்தார். பவர் மீட்டர் வைத்து டிபி பாக்ஸில் பார்த்தார், மைனஸ் 19.8. எங்கள் சுவரில் மைனஸ் 25. “நடுவுலதான் எல்லாம் போகுது”ன்னு அவரே சொன்னார். புது டிராப் ஒயர், மரத்தைத் தொடாமல் மேற்குப் பக்கமாக இழுத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டார். உள்ளே இரண்டு பக்கமும் பச்சை. இப்போது மைனஸ் 20.4. அன்று ராத்திரி பேய்மழை, இடி. எண் 20.5-ஐத் தாண்டவில்லை. பிங் ஒன்றுகூட விழவில்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல அண்ணாச்சி!

ஆரல்வாய்மொழி காத்து
சந்தோஷம். இடி என்றதும் சொல்கிறேன், பைபர் கண்ணாடிதானே என்று விட்டுவிடாதீர்கள். கண்ணாடியில் மின்சாரம் வராது, ஆனால் அடாப்டர் வழியாகவும், மாடிக் கேமராவுக்குப் போகும் லேன் கேபிள் வழியாகவும் வரும். இடி தொடங்கினால் இரண்டையும் பிடுங்கி வையுங்கள். அடாப்டரை மட்டும் பிடுங்கி, லேனை விட்டு, பெட்டி போன வீடு எங்கள் தெருவிலேயே உண்டு.

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
சரியான பேச்சு. இனி மாடி வைஃபை. தம்பி, சுவிட்ச் போர்டுக்கு ஒயர் இழுக்கிற மாதிரி மாடிக்கு ஒரு லேன் கேபிள் நிரந்தரமா இழுத்திருங்க. பழைய ரவுட்டர் ஒண்ணு கிடந்தா அதை மேல வையுங்க. டிஹெச்சிபியை (போனுக்கும் லேப்டாப்புக்கும் முகவரி குடுக்கிற வேலை) அணைச்சு, அதோட ஐபியை 192.168.1.2-ன்னு மாத்தி, கீழ் பெட்டியிலிருந்து வர்ற கேபிளை அதோட லேன் போர்ட்ல குத்துங்க, வான் போர்ட்ல இல்ல. டிஹெச்சிபி ரெண்டு இடத்திலயும் ஓடினா ஒரு நாள் நெட் வரும், ஒரு நாள் வராது, தேடித் தேடிக் கிறுக்குப் பிடிக்கும். 2.4-ல கீழ சேனல் 1 வச்சா மேல 6 அல்லது 11 வையுங்க. மீட்டிங் பாக்கிற லேப்டாப்புக்கு மட்டும் கேபிளே போடுங்க.

குளச்சல் கரை
அண்ணாச்சி, கனெக்டர் பின் பச்சையாத்தான் இருந்தது. முனையை வெட்டிப் புதுசா அடிச்சேன், இப்ப 1000-ன்னு காட்டுது, ஸ்பீட் 290 கிட்டுது. ராத்திரி பிங் ஏறினது மொட்டைமாடிக் கேமரா நாலும் சேர்ந்து மேல ஏத்தினதாலதான். ரெக்கார்டிங்கை உள்ளேயே கார்டுல வச்சுட்டேன், இப்ப 15-ல நிக்குது.

திருவட்டார்க்காரன்
மாடிக்குக் கேபிள் வாங்க மார்த்தாண்டம் போகிறேன். முழுச் செம்பு, கேட் 6, இருபது மீட்டர் போதுமா அண்ணாச்சி?

பைபர் அண்ணாச்சி, நாகர்கோவில்
மூலையெல்லாம் சுத்தி அளந்து, அதுக்கு மேல மூணு மீட்டர் கூட வாங்குங்க. வெளிச்சுவர் வழியாப் போகுதுன்னா வெயில் தாங்குற கறுப்புத் தோல் போட்டதைக் கேளுங்க. சுவருக்குள்ள நுழையிற இடத்தில ஒயரை ஒரு வளையமாக் கீழ தொங்க விட்டு அப்புறம் மேல ஏத்துங்க, மழைத்தண்ணி ஒயர் வழியா உள்ள இறங்காது.